இரண்டாவது சாப்பாட்டு நோட்டு

ஆகஸ்ட் 5, திங்கள்

மதுரை ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் ஹெலன் மேடம் ஒரு நோட்டு கொடுத்தார். தின்றது, குடித்தது, நடந்தது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி மூன்று வாரம் கழித்துக் கொண்டுவர வேண்டுமாம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அதே மாதிரி இன்னொரு நோட்டு வாங்கினேன். அது ஹெலன் மேடத்துக்கு. இது எனக்கு.

விஷயம் இதுதான். என் அண்ணன் குருசாமிக்குக் கல்லீரல் கெட்டுப்போய்விட்டது. சுருங்கிக் கல்லாகிவிட்டதாம், இனி மாற்றுவதுதான் வழியாம். உயிரோடு இருக்கும் ஒருவரிடமிருந்து பாதியை வெட்டி எடுத்து வைப்பார்கள். இரண்டு பேருக்கும் அது வளர்ந்துகொள்ளும். மதினி இந்திராணிக்கு ரத்த வகை சேரவில்லை. மகள் யாழினிக்குப் பதினேழு வயது, சட்டம் இடம் கொடுக்காது. கொடுத்தாலும் மதினி விடமாட்டாள். நாளைக்குக் கட்டிக்கொடுக்க வேண்டிய பிள்ளை, வயிற்றில் தழும்போடா அனுப்புவது?

மிச்சம் நான். ஆவுடையம்மாள், வயது நாற்பத்து நான்கு, கல்யாணம் ஆகவில்லை. என் வயிற்றை யார் பார்க்கப்போகிறார்கள்?

ஆனால் ஸ்கேனில் என் கல்லீரலிலும் கொழுப்பு. இருபத்து மூன்று சதவீதம். பத்துக்குக் கீழே வந்தால்தான் வெட்டுவார்களாம். மதினி அங்கேயே அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒன்றைக் குறித்து வைக்கிறேன். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள். கொடுக்கிறாயா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் குருசாமி. அவனும் நானும் பேசி இருபத்திரண்டு வருஷமாகிறது. ஒரே வீடுதான். அவன் கீழே, நான் மாடியில்.

ஆகஸ்ட் 6

மேடம் நோட்டில்: இட்லி 2, சுண்டல் ஒரு கிண்ணம், நடை 40 நிமிடம். இந்த நோட்டில்: கடலை மிட்டாய் 3. நடை இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இத்தனை வருஷம் நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்காத மதினி இப்போது மூன்று வேளையும் தட்டில் வைத்து யாழினியிடம் கொடுத்தனுப்புகிறாள். தராசு வாங்கியிருக்கிறாள். சோற்றை நிறுத்துப் போடுகிறாள். காலையில் கீழாநெல்லிச் சாறு, பதினொரு மணிக்கு ஆபீசுக்கு ஒரு சொம்பு மாதுளை ஜூஸ், அதில் நாட்டுச் சர்க்கரை.

"நாட்டுச் சர்க்கரை ஒண்ணும் செய்யாது ஆவுடை. உடம்புக்கு நல்லது, கண்ணை மூடிட்டுக் குடி."

சர்க்கரை எந்த நிறமானாலும் சர்க்கரைதான், பழத்தை ஜூஸாகப் பிழியாமல் அப்படியே தின்னுங்கள் என்று ஹெலன் மேடம் சொன்னபோது மதினி பக்கத்தில்தான் இருந்தாள். நான் ஞாபகப்படுத்தவில்லை. முழுச் சொம்பையும் குடித்தேன்.

கோவில் கிடாவுக்குக்கூட ஒரு வழக்கம் உண்டு. தலையில் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலுப்பினால்தான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வெட்டுவார்கள். இந்த வீட்டில் அந்தத் தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

நகராட்சி ஆபீசில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருக்கிறேன். அப்பா இறந்ததும் அவருக்குப் பதிலாகக் கிடைத்த வேலை. ஒரு நாளைக்கு நாலைந்து சாவை எழுதுகிறவள் நான். காரணம் என்கிற கட்டத்தில் கல்லீரல் செயலிழப்பு என்று எழுதும்போதெல்லாம் பெயர்க் கட்டத்தில் அவன் பெயரை வைத்துப் பார்ப்பேன். கை நடுங்குவதில்லை.

இன்றைக்குப் பக்கத்து மேசை சந்தானம் சார் கேட்டார். "அண்ணனுக்கு லிவராமே. ரொம்ப நாளா ஊத்துவாரோ?"

குருசாமி ஒரு சொட்டுக் குடித்ததில்லை. தெருவில் குடித்துவிட்டு வருகிறவனை அறைந்து அனுப்புகிற ஆள். அவனைக் கெடுத்தது வேறு. பெயிண்ட் கடையில் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை சுழல் நாற்காலி, எட்டு டீ, எட்டிலும் இரண்டு கரண்டிச் சீனி, கடை மூடியதும் பரோட்டா நாலு, மேலே ஒரு பாட்டில் கலர் சோடா. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஞாபகம் வந்தால் போடுவான்.

இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். சார் தானாகவே தலையை ஆட்டிக்கொண்டார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சாத்தூர் சேவு நூறு கிராம். நமத்துப்போயிற்றா என்று பார்க்கத்தான் பிரித்தேன். போகவில்லை. இன்னொரு நூறையும் பார்த்தேன்.

குருசாமிக்கு மஞ்சள் காமாலை அளவு ஏழு புள்ளி எட்டு. போன வாரம் ஆறு புள்ளி ஒன்று. யாழினி போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

ஆகஸ்ட் 22

கருப்பட்டி மிட்டாய் 5. சாப்பிடப் பிடிக்கவே இல்லை. சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

மதுரை. எடை எழுபத்திரண்டு கிலோ. ஒரு கிலோ கூடியிருக்கிறது.

ஹெலன் மேடம் அவருடைய நோட்டைப் புரட்டினார், எடையைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் புரட்டினார். "நல்லா எழுதுறீங்க. கதை எழுதலாம்" என்றார். மதினி என்னைப் பார்த்த பார்வையில் சோறு வெந்திருக்கும். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மேடம் ஃபைலிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது ஒங்க அண்ணனோட ஸ்கேன். ஒன்பது வருஷம் முன்னாடி எடுத்தது. இது ஒங்களோடது, மூணு வாரம் முன்னாடி. ரெண்டையும் படிங்க."

இரண்டிலும் ஒன்றே எழுதியிருந்தது. கல்லீரலில் கொழுப்பு.

"வலிக்காது. காய்ச்சல் வராது. அதான் இதுல ரொம்ப மோசமான விஷயம். எல்லாருக்கும் இருக்கிறதுதானேன்னு விட்டுருவாங்க. கொழுப்பு புண்ணாகும், புண்ணு தழும்பாகும், தழும்பு கல்லாகும். ஒங்க அண்ணன் கடைசி வரைக்கும் போயிட்டார், திரும்பி வர முடியாது. நீங்க முதல் படியிலதான் நிக்கிறீங்க. இதுக்குன்னு பெருசா மருந்து கிடையாது. எடையில நூத்துல ஏழு பங்கு, பத்து பங்கு குறைங்க. தன்னால கரையும். அண்ணனுக்குக் கொடுங்க, கொடுக்காம போங்க. அது வேற பேச்சு. இது ஒங்க ஈரல்."

அடுத்த அறையில் பர்வீன் என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும். கொடுக்க வருகிறவர்களிடம் தனியாகப் பேசுவதுதான் அவள் வேலையாம். கதவைச் சாத்தினாள். தண்ணீர் கொடுத்தாள்.

"இங்க நீங்க சொல்றது வெளிய போகாதுக்கா. ஒங்களுக்குக் கொடுக்க விருப்பமா?"

தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. அவள் காத்திருந்து மறுபடி சொன்னாள். "இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. வீட்டுல 'ஒடம்பு ஒத்துக்கலை'ன்னு மட்டும் சொல்லுவோம். ஏன்னு கேட்டாலும் சொல்ல மாட்டோம். யாரும் ஒங்களை ஒண்ணும் பேச முடியாது."

எனக்கு வந்தது கோபம். ஒரு வார்த்தையில் முடிகிற வேலைக்கா மூன்று வாரமாகத் திகட்டத் திகட்டத் தின்றேன்? ஏன் தின்றேன் என்று இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். திருமங்கலம் தாண்டும்வரை மதினி திட்டிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் பேர் தெரியாத ஒரு பெண் கேட்கிறாள். கூடப் பிறந்தவன் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 27

டப்பாவில் மிச்சமிருந்த கடலை மிட்டாயை ஆபீசில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன். இனி ஒரே நோட்டுப் போதும் என்று நினைத்தேன். இல்லை, இதுவும் வேண்டும்.

ஆகஸ்ட் 28, புதன்

நடந்தேன். நிஜமாகவே. காலை ஐந்தே முக்காலுக்கு, நாற்பத்தைந்து நிமிடம்.

எங்கே நடப்பது என்று யோசிக்காமல் கிளம்பி, தபாலாபீஸ் முக்குக்கு வந்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக நான் அந்த வழியில் போவதில்லை. ஆபீசுக்குச் சுற்று வழியில்தான் போவேன்.

அந்த முக்கில் அப்போது ஒரு டீக்கடை. எங்கள் ஆபீசிலேயே பொறியியல் பிரிவில் வரைவாளராக இருந்த ஜெயசீலனும் நானும் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். கட்டிக்கொள்வதாகப் பேசி முடித்திருந்தோம். அவர் வேற்று மதம். குருசாமி பைக்கை நிறுத்தினான், என் தலைமுடியைப் பிடித்தான், தெருவில் இழுத்துப் போட்டு அடித்தான். நாற்பது பேர் பார்த்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும், அவரை விட மாட்டேன் என்றேன்.

"மாட்டேன்ங்கிற வார்த்தை இன்னொரு தடவை வாயில வந்துச்சு, காலை ஒடிச்சுருவேன்."

மாடி அறையில் பதினாறு நாள் பூட்டி வைத்தான். ஆபீசுக்கு என் பெயரில் மருத்துவ விடுப்பு அவனே எழுதிப் போட்டான். கதவைத் திறந்தபோது ஜெயசீலன் மாற்றலில் போய்விட்டிருந்தார். என்ன சொல்லி மிரட்டினார்களோ, அவர் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. அதே அறையில்தான் இப்போது இதை எழுதுகிறேன். வேறு வீடு பார்த்துப் போயிருக்கலாமே என்று கேட்பார்கள். இது அப்பா வீடு. நான் ஏன் போக வேண்டும்?

டீக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பூட்டியிருந்தது. சும்மா ஒரு நிமிடம் நின்றுவிட்டு நடந்தேன்.

செப்டம்பர் 2

எழுபது புள்ளி ஐந்து. கறுப்புக் காப்பி, சீனி இல்லாமல். கஷாயம் மாதிரி இருக்கிறது. பழகிவிடும் என்கிறார் ஹெலன் மேடம்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. மதினி கொழுக்கட்டை செய்தாள். நான் தொடவில்லை. அவளுக்கே ஆச்சரியம். முதல் தடவையாக மேலே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். தூங்கி நாளாகியிருக்கும், கண் உள்ளே போயிருந்தது.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியே சொன்னாக ஆவுடை. நடக்கச் சொன்னாக, ராத்திரி பரோட்டாவை விடச் சொன்னாக. இவுக சிரிச்சிட்டு ரிப்போர்ட்டை ஃபைல்ல சொருகிட்டாக. நானும் விட்டுட்டேன். குடிக்கிற ஆளா என்ன, ஈரல் கெடுததுக்குன்னு நெனச்சேன்."

"இப்ப யாழினிக்கு என்ன குடுக்கீக?"

"என்ன குடுக்க, எல்லாப் பிள்ளைகளும் திங்கதுதான். பிஸ்கட்டு, நூடுல்ஸு, சாயங்காலம் பாட்டில் ஜூஸு."

அவளாகவே என் தட்டைப் பார்த்தாள். பாசிப்பயறு, கீரை, ஒரு முட்டை. நாளையிலிருந்து எல்லாருக்கும் இதையே வைக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். போகும்போது திரும்பி, "ஊரெல்லாம் அவுகளைக் குடிகாரன்னு பேசுது. அவுக காதுலயும் விழுந்துட்டு. கடைக்குப் போகவே மாட்டேங்காக" என்றாள்.

செப்டம்பர் 11

சந்தானம் சாரிடம் இன்று நானே போய்ச் சொன்னேன். "எங்க அண்ணன் குடிச்சதே இல்ல சார். சீனியும் பரோட்டாவும் உட்கார்ந்தே கெடந்ததும்தான்." அவர் நம்பவில்லை. அவருடைய தொப்பையைக் காட்டி நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்றேன். முகம் மாறிவிட்டது.

அவன்மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. காரணம் என்கிற கட்டத்தில் தப்பாக எழுதுவது எனக்குப் பிடிக்காது.

செப்டம்பர் 19, வியாழன்

குருசாமி வயிற்றிலிருந்து ஐந்து லிட்டர் நீர் எடுத்தார்களாம். காமாலை பதினொன்று புள்ளி நாலு. நான் கேட்கவில்லை. மதினிதான் சொன்னாள். பத்து நாளைக்கு ஒரு தடவை எடுக்கிறார்கள், இது ஐந்தாவது.

எடை அறுபத்தேழு புள்ளி எட்டு. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று இருக்கிறது. ரெயில்வே மேம்பாலத்தில் மூச்சு வாங்காமல் ஏறுகிறேன். இதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை என்று எழுத வந்தேன். எழுத முடியவில்லை. இருக்கிறது.

அக்டோபர் 7, திங்கள்

மதுரை. அறுபத்தைந்து புள்ளி நாலு. கொழுப்பு எட்டு சதவீதம்.

ஹெலன் மேடம் கைகொடுத்தார். இது ஆபரேஷனோடு முடிகிற விஷயம் இல்லை, விட்டால் ஆறு மாதத்தில் பழையபடி ஏறிவிடும் என்று பயமும் காட்டினார். மதினி வெளியே யாரோ ஒரு நோயாளியின் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பர்வீன் கதவைச் சாத்தினாள். அதே கேள்வி. விருப்பமா?

"ஒடம்பு ஒத்துக்கலைன்னு சொல்லுவீங்களா, நான் வேண்டாம்னா?"

"சொல்லுவோம்க்கா."

"வேண்டாம். பொய் சொல்ல வேண்டாம். ஒடம்பு சரியா இருக்குன்னு சொல்லுங்க. ஆனா சம்மதம் இன்னும் வாங்கலைன்னும் சொல்லுங்க."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "அப்படிச் சொன்னா வீட்டுல ஒங்களைச் சும்மா விட மாட்டாங்க."

"தெரியும்" என்றேன்.

அக்டோபர் 8

மதினி படியேறி வந்து சத்தம் போட்டாள். தெருவுக்கே கேட்டிருக்கும். "எட்டு வாரம் வடிச்சுக் கொட்டுனேனே, இதுக்கா? சம்மதம் என்ன சம்மதம்? நீயெல்லாம் ஒரு பொம்பளையா? ஒனக்குன்னு யாரு இருக்கா, எதுக்காக அதைப் பொத்திப் பொத்தி வைக்கே? ஒன்னையக் கட்டிக் குடுத்திருந்தா இன்னைக்கு இப்படிப் பேசுவியா?"

"கட்டிக் குடுக்கலையே மதினி" என்றேன். "அதை அவன்கிட்டக் கேளுங்க. இதையும் அவனையே வந்து கேக்கச் சொல்லுங்க."

"எந்திரிக்க முடியாத மனுசன் ஒன் காலுல வந்து விழணுமா?"

"விழ வேண்டாம். கேட்டாப் போதும்."

தட்டு வரவில்லை. நானே முட்டை அவித்துக்கொண்டேன்.

அக்டோபர் 10

யாழினி என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆபீசில் மேலாளர்கூடக் கூப்பிட்டு, "கூடப் பிறந்த ரத்தம், கொஞ்சம் பார்த்துக்கம்மா" என்றார். யார் சொல்லி அனுப்பியதோ. அன்றைக்குத் தபாலாபீஸ் முக்கில் நின்று பார்த்த நாற்பது பேரில் அவரும் ஒருவர்.

அவன் செத்துப்போனால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். பதிவேட்டில் எழுதுவேன். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. பாலத்தில் இரண்டு சுற்று அதிகமாக நடந்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

காலை நடை முடித்து வந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். படியில் சத்தம் கேட்டது. மதினியின் நடை இல்லை. ஒரு படி ஏறி, நின்று, மூச்சு வாங்கி, இன்னொரு படி. நடுவில் ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. கீழே மதினி, "நான் பிடிக்கேன், விடுங்க" என்பதும், "நீ போ" என்று அவன் சீறுவதும் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. கீரையையும் ஆயவில்லை.

வாசலில் வந்து நின்றான். கண் மஞ்சள். கை குச்சி குச்சியாக, வயிறு மட்டும் முன்னால். இந்தக் கையா அன்றைக்கு என் முடியைப் பிடித்தது என்று இருந்தது. நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தான். மூச்சு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

"இந்திராணி சொல்லி வரல" என்றான். சுவரைப் பார்த்துக்கொண்டு.

கீரைத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"நீ குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டதா நெனச்சேன். அந்த ஆஸ்பத்திரிப் புள்ள போன்ல சொல்லிச்சு, ஒன் சம்மதத்தை இன்னும் வாங்கலைன்னு." தொண்டையைச் செருமினான். அப்புறம்தான் என்னைப் பார்த்தான். "ஆவுடை. எனக்குச் சாகப் பயமா இருக்கு. ஒன் ஈரல்ல பாதி வேணும். குடுப்பியா?"

என் பெயரை அவன் வாயில் கேட்டு இருபத்திரண்டு வருஷம்.

"மாட்டேன்னு சொன்னா என்ன செய்வ?"

சட்டென்று அவன் முகம் மாறியது. பழைய முகம்தான். தாடை இறுகியது. கொஞ்ச நேரத்தில் அது தானாகவே தளர்ந்தது.

"கோவம் வரும்" என்றான். "வேற என்ன செய்ய? ஒண்ணும் செய்ய முடியாது. எறங்கிப் போயிருவேன்."

"காலை ஒடிக்க மாட்டியா?"

தலையைக் குனிந்துகொண்டான். "மாட்டேன்" என்றான்.

இந்த வீட்டில் நான் சொல்லி அடிவாங்கிய வார்த்தை. அவன் வாயில் சின்னதாகத்தான் வந்தது.

"அப்பச் சரி" என்றேன். "குடுக்கேன்."

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அழாதே என்றேன். "பாசத்துல குடுக்கல. அன்னைக்கு நடந்ததை நான் மறக்கவும் இல்ல, மன்னிக்கவும் இல்ல. நீ கேட்ட, நான் குடுக்கேன். அவ்வளவுதான். ஆனா ஒண்ணு. உள்ள வச்ச பெறவும் அது என் ஈரல்தான். ராத்திரி பரோட்டாக் கடைப் பக்கம் ஒன்னையப் பார்த்தேன்னு யாராச்சும் வந்து சொன்னா, கடையில வந்தே கேப்பேன். காலையில அஞ்சே முக்காலுக்கு நடக்கணும்."

"ஒன் கூடயா?"

"தெருவுக்கு அந்தப் பக்கம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான். நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தான், ஒருமுறை தடுமாறினான், சுவரைப் பிடித்து நின்றுகொண்டான். படிக்குப் போய்க் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தான்.

ஈரலைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குப் பர்வீனுக்கு நானே போன் செய்வேன். ஆனால் அவன் ஒவ்வொரு படியாகத் தனியாகத்தான் இறங்கினான். நான் கை கொடுக்கவில்லை.